சப்வூபர் உறுமினால் முதலில் வயரைக் கழற்றுங்கள்

சப்வூபர், அதாவது பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர் பெட்டி, பழுது என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியை ஏற்கெனவே திறந்து கிண்டியிருப்பார்கள். திறப்பது கடைசி வேலை.

பாட்டுப் போடாதபோதும் "ம்ம்ம்" என்று உறுமுகிறதா? சப்வூபரை நிறுத்தி, பின்னால் பாட்டுச் சத்தம் வரும் ஆர்.சி.ஏ. வயரை உருவிவிட்டு, வயர் இல்லாமலே சப்வூபரை மறுபடி ஆன் செய்யுங்கள். உறுமல் நின்றால் பெட்டியில் குற்றமில்லை. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; அந்த 50 தான் வயர் வழியாக வந்து முனகுகிறது. டிவி, ஆம்ப், சப்வூபர் மூன்றையும் ஒரே பிளக்கிலிருந்து எடுத்துப் பாருங்கள். டிவிக்கு வரும் டிஷ் வயரையும் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் கள்ளன் அதுதான். எர்த் பின்னை மட்டும் வெட்ட வேண்டாம். உறுமல் போகும், ஒரு நாள் ஆளும் போவார்.

வயரைக் கழற்றியும் உறுமினால் உள்ளே பவர் சப்ளையில் கரண்டைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். கரண்டை நிறுத்திய பிறகும் அது ஷாக் அடிக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

திருகோணமலையில் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. உப்புவெளி, திருக்கடலூர்ப் பக்கத்துச் செட்டுகளில் ஆர்.சி.ஏ. வயர் பிளக்கின் பித்தளையில் பச்சை படிந்திருக்கும். வயரை அசைக்கும்போதெல்லாம் "கறகற" என்றால் இதுதான். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து, பிளக்கைச் சொக்கெட்டுக்குள் நாலைந்து தடவை திருகி எடுங்கள். பச்சை உள்ளே வரை தின்றிருந்தால் துடைத்துப் பயனில்லை, வயரை மாற்றுங்கள்.

பேஸ் அடிக்கும்போது மட்டும் உரசல் கேட்டால் கரண்டை நிறுத்துங்கள். இரண்டு கை விரல்களையும் ஸ்பீக்கரின் முன்னால் அசையும் கூம்பான கோனின் ஓரத்தில் சுற்றி வைத்து, ஒரே சீராக மெல்ல உள்ளே தள்ளுங்கள். மணலில் தேய்ப்பதுபோல் விரலில் தெரிந்தால் கோனின் பின்னால் உள்ள கம்பிச்சுருள், கொயில், உரசுகிறது. காந்த இடுக்கில் துருவும் ஏறியிருக்கலாம். கோனைச் சுற்றிய ஃபோம் வளையம் தொட்டதும் பொடிந்தால் நல்ல செய்தி, வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

சரி, இதெல்லாம் நன்றாக இருந்தும் கடகடக்கிறதா? அப்போது வீட்டைச் சந்தேகியுங்கள். ஃபோனில் ஒரே சுதியில் சத்தம் எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, அதைச் செட்டில் கொடுத்து, 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒருவர் ஏற்ற, மற்றவர் ஜன்னல் கிரில்லையும் ஷோகேஸ் கண்ணாடியையும் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். தகரக் கூரை என்றால் பாடு கொஞ்சம் அதிகம்.

காற்று போகும் துளையில் "புஸ் புஸ்" என்றால் சத்தத்தைக் குறையுங்கள், சின்னப் பெட்டி அவ்வளவுதான் தாங்கும். துளைக்குள் டோர்ச் அடித்தும் பாருங்கள். பல்லி குடியிருக்கும்.