இசட்/28 என்ஜின் அசலா? எண்களை நம்பி ஏமாறும் இடங்கள்

செவர்லே காமரோ காரின் பந்தயத் திறன் கொண்ட வகையான 1969 இசட்/28-இன் 302 என்ஜினைப் போலி செய்வது ஏன் எளிது என்று தெரிந்துகொண்டால், அதை எங்கே சோதிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் ஓடும் கார்களுக்கு என்ஜின் கொள்ளளவு 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. செவர்லே புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 327 என்ஜினின் 4 அங்குலத் துளையையும் (சிலிண்டரின் விட்டம்), 283 என்ஜினின் 3 அங்குல வீச்சையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) சேர்த்தது; 302 கன அங்குலம் கிடைத்தது. காகிதத்தில் 290 குதிரைத்திறன் என்று போட்டார்கள். உண்மையில் அதைவிட அதிகம் என்பதை அன்றைக்கே யாரும் ரகசியமாகக் கருதவில்லை.

ஆக, இது ஒரு பெரிய குடும்பத்தின் பிள்ளை. பக்கத்தில் நிற்கும் 327, 350 என்ஜின்களிலிருந்து வெளித் தோற்றத்தில் பிரித்தறிய முடியாது. குடும்ப கார்களிலும் டிரக்குகளிலும் ஓடிய 350 என்ஜின்கள் பழைய இரும்புக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. விலையில் உள்ள வித்தியாசமோ மிகப் பெரிது. மோசடிக்கு வேறென்ன வேண்டும்?

முதல் தவறு, வார்ப்பு எண்ணைப் பார்த்ததும் கையில் பணத்தை எடுப்பது. என்ஜினின் இரும்பு உடலான பிளாக்கின் பின்பக்கம், ஓட்டுநர் பக்க விளிம்பில் பெரிய எழுத்தில் 3970010 என்று இருக்கும். “இசட்/28-க்கு இந்த எண்தானே, பட்டியலில் இருக்கிறதே” என்பார் விற்பவர். இருக்கிறதுதான். ஆனால் அந்த எண் வார்ப்பாலைக்காரர்களுக்காகப் போடப்பட்டது. எந்த அச்சில் இரும்பை ஊற்றினோம் என்பதை மட்டுமே அது சொல்லும். அதே அச்சில் வார்த்த பிளாக்குகள் எழுபதுகளில் எண்ணற்ற சாதாரண 350 என்ஜின்களாக வெளியேறின. வார்ப்பு எண் பொருந்தாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பொருந்தினால் எதுவும் நிரூபணமாகிவிடவில்லை.

இதன் அருகிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. பிளாக்கின் மறுபக்க விளிம்பில் வார்ப்புத் தேதி இருக்கும். ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசியில் ஆண்டுக்கு ஒரே ஓர் இலக்கம். “ஏ 15 9” என்றால் 1969 ஜனவரி 15. அதுவே 1979 ஜனவரி 15 ஆகவும் இருக்கலாம்! அந்த வார்ப்பு எண் பத்தாண்டுகள் நீடித்ததால், கடைசி 9-ஐப் பார்த்து மகிழ்ந்துபோனவர்கள் பலர்.

உண்மையான விஷயம் முன்பக்கத்தில் இருக்கிறது. சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்தான் சிலிண்டர் ஹெட்; பயணி பக்க ஹெட்டுக்குச் சற்று முன்னால், பிளாக்கில் ஒரு சிறிய தட்டையான பரப்பு உண்டு. அங்கே, உதாரணமாக, “வி 0127 டிஇசட்” என்று குத்தியிருப்பார்கள். வி என்பது மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் ஆலை, 0127 என்பது என்ஜின் பூட்டப்பட்ட மாதமும் நாளும், டிஇசட் என்பது 1969 இசட்/28-க்கான குறியீடு. காரின் சேசிஸ் எண்ணின் பகுதி தனியாக, சில பிளாக்குகளில் இதற்குப் பக்கத்திலும் சிலவற்றில் ஆயில் ஃபில்டர் அருகிலும் இருக்கும். “19என்” என்று தொடங்கினால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, “19எல்” என்றால் லாஸ் ஏஞ்சலஸ். பின்னால் வரும் ஆறு இலக்கங்கள் காரின் வரிசை எண்.

பலர் செய்யும் பெரிய தவறு, இந்த எழுத்துகளைப் படிப்பதோடு நிறுத்திவிடுவது. எழுத்துகளைவிட அவை நிற்கும் தரையைப் பார்க்க வேண்டும். அந்தப் பரப்பும் சிலிண்டர் ஹெட் உட்காரும் மேல்தளமும் ஆலையில் ஒரே இழுப்பில் சீவப்பட்டவை. அதனால் முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகள் அதில் பதிந்திருக்கும். எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் குத்தப்பட்டிருக்க வேண்டும். கோடுகளே இல்லாமல் வழவழவென்று இருந்தாலோ, வட்டமான அரைப்புத் தடங்கள் தெரிந்தாலோ, யாரோ மேல்தளத்தை மீண்டும் சீவியிருக்கிறார்கள். சீவினால் பழைய முத்திரையும் போய்விடும். அப்படியிருக்க, இப்போது தெரிகிற முத்திரை எங்கிருந்து வந்தது?

இன்னொன்று, என்ஜின் ஆலையில் குத்தியதும் கார் ஆலையில் குத்தியதும் வேறு வேறு கைகள், வேறு வேறு கருவிகள். இரண்டும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில், அச்சடித்தாற்போல ஒரே வரிசையில் நின்றால் எனக்கு நம்பிக்கை வருவதற்குப் பதிலாகச் சந்தேகம்தான் வரும். நாட்கணக்கையும் பாருங்கள். முதலில் பிளாக் வார்ப்பு, பிறகு என்ஜின் பூட்டல், கடைசியில் கார். சில நாள், சில வாரம் என்று இடைவெளி இருக்கும். பிப்ரவரியில் வார்த்த பிளாக்கில் ஜனவரியில் என்ஜின் பூட்டியிருக்க முடியாது. இதைக்கூடக் கணக்கிடாமல் குத்திய போலிகள் இருக்கின்றன.

ஆரஞ்சு பெயின்ட், வால்வு கவர், “302” பட்டை எல்லாம் கடையில் வாங்கக்கூடியவை. அவற்றைப் பற்றிப் பேசவே தேவையில்லை. சிலிண்டர் ஹெட்டின் முனையில் இருக்கும் இரட்டைத் திமில் அடையாளமும் பல 327, 350 என்ஜின்களில் உண்டு. “நான்கு போல்ட் மெயின் பேரிங் மூடி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று, கிராங்க் ஷாஃப்டைப் பிளாக்கோடு பிடித்துவைக்கும் மூடியைக் காட்டிச் சொல்பவர்கள் டிரக் என்ஜின்களிலும் அது இருந்ததை மறந்துவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 1967-இன் அசல் 302 என்ஜினில் இரண்டு போல்ட்தான்.

முத்திரை அசலாகவே இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது தனிக் கேள்வி. பந்தயத்தில் உடைந்த 302-க்கு அன்றைய மெக்கானிக் கைக்குக் கிடைத்த 350-இன் கிராங்க் ஷாஃப்டைப் பொருத்தியிருக்கலாம்; வீச்சைத் தீர்மானிக்கும் சுழல்தண்டு அதுதான். 302, 327, 350 மூன்றுக்கும் துளை ஒன்றே, வீச்சுதான் வேறு. 302-இல் பிஸ்டன் 76.2 மில்லிமீட்டர் ஏறி இறங்கும், 327-இல் சுமார் 82.6, 350-இல் சுமார் 88.4. ஹெட்டைக் கழற்றிவிட்டால், ஐந்து நிமிடத்தில் அளந்து விடை கண்டுவிடலாம். மெருகேற்றிய முத்திரையின் புகைப்படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பவர்கள், ஏனோ இந்த அளவை எடுப்பதே இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எல்லாவற்றையும் போலி என்று ஒதுக்குவது. முத்திரைப் பரப்பில் டிஇசட்டுக்குப் பதிலாக “சிஇ” என்று தொடங்கினால், அது பெரும்பாலும் உத்தரவாதக் காலத்தில் செவர்லே மாற்றிக் கொடுத்த பிளாக். காரோடு பிறந்ததல்ல, ஆனால் மோசடியும் அல்ல; விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். முறையாகப் பழுது பார்க்கையில் சீவப்பட்டு முத்திரையே இல்லாமல் நிற்கும் பிளாக்கும் அப்படித்தான். வெறும் பரப்பு, புதிதாகக் குத்திய பரப்பைவிட எவ்வளவோ மேல்.

என்ஜினைக் காரோடு சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் சேசிஸ் எண்ணிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 12437 என்ற தொடக்கம் அது வி-8 (எட்டு சிலிண்டர்) காமரோ என்று மட்டும் சொல்லும். இசட்/28 என்று சொல்லாது. நார்வுட்டில் 1968 டிசம்பருக்குப் பிறகு தயாரான கார்களின் உடல் தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்ற குறியீடு இருந்தால் அது இசட்/28 என்பதற்கு நல்ல சாட்சி. உத்தரவாதப் புத்தகத்தில் ஒட்டிய “புரொடெக்ட்-ஓ-பிளேட்” என்ற சிறு உலோகத் தகடும் உதவும், அதிலும் போலிகள் உண்டு என்பதை நினைவில் வைத்தால். கனடாவில் விற்ற கார்களுக்கு அங்கிருக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் பழைய பதிவுகளைத் தேடித் தருகிறது. அமெரிக்காவில் விற்றவற்றுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே நேரில் போகும்போது ஒரு டார்ச், பூதக்கண்ணாடி, அளவுகோல், மண்ணெண்ணெய் நனைத்த துணி போதும். உப்புத்தாள் வேண்டாம், முத்திரைப் பரப்பைத் தேய்த்தால் நீங்கள் தேடிவந்த கோடுகளை நீங்களே அழித்துவிடுவீர்கள். ஹெட்டைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் சண்டை போடத் தேவையில்லை. அதை ஒரு 350 என்று வைத்து விலை சொல்லுங்கள்.