முட்டை உடையாமல் ஊர் போய்ச் சேர: பெட்டி கட்டும்போது செய்யும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில், வீட்டுத் தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். சென்னையில் இருக்கும் அக்காவுக்கு முதல் தடவை முட்டை அனுப்பியபோது ஒரு பழைய பிஸ்கட் பெட்டியை எடுத்தேன். உமி கொட்டி, நடுநடுவே 60 முட்டையைப் புதைத்து, மேலே சிவப்பு மையில் ‘முட்டை, கவனம்’ என்று எழுதி, நாகர்கோவிலில் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலையில் அக்கா போன் செய்தாள். “பெட்டியத் தூக்கினேன், அடிப்பக்கம் நனஞ்சு அப்படியே கையோட வந்துட்டு.” 23 முட்டை உடைந்திருந்தது.

ரோடு மோசம், ஏற்றி இறக்குகிறவர்கள் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ரோடும் அந்தக் கைகளும் நாளைக்கும் அப்படியேதான் இருக்கும். நம்மால் மாற்ற முடிந்தது பெட்டி ஒன்றைத்தான்.

அன்று தேங்காய் உரிக்க வந்திருந்த அண்ணாச்சியிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் பாரையில் குத்தி உரித்துக்கொண்டே கேட்டார்: “அம்பது அடி மேல இருந்து வெட்டிப் போடுதோம். சிரட்டை உடையுதா மக்களே?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உரித்துப்போட்ட கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, கையில் எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். வெளித்தோல் கெட்டி. உள்ளே இரண்டு மூன்று விரல் கனத்துக்கு நார். அந்த நார் சிரட்டையை எல்லாப் பக்கமும் இடைவெளியே இல்லாமல் கவ்விப் பிடித்திருக்கிறது. தேங்காயை உலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும், சிரட்டை ஆடாது. விழும்போது அடி வெளித்தோலில் படுகிறது. நார் நசுங்கி அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. முட்டைப் பெட்டியில் நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைக் கோட்டை விடுவதால் வருகின்றன: வெளியே கெட்டி, நடுவே நசுங்க இடம், உள்ளே ஆட்டம் இல்லாத பிடி.

நசுங்க இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் முட்டை 1 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், அதன் மேல் வரும் விசை சராசரியாக அதன் எடையைப்போல் 100 மடங்கு. 55 கிராம் முட்டைக்கு அது ஐந்தரைக் கிலோ. இரண்டு தட்டையான பரப்புக்கு நடுவே வைத்து அழுத்தினால் கோழிமுட்டை ஓடு 3 முதல் 4 கிலோ பாரம் வரைக்கும்தான் தாங்கும். அதே முட்டை 3 சென்டிமீட்டர் தூரத்தில் மெல்ல நின்றால் விசை 1.8 கிலோவாகக் குறைந்துவிடும். அதாவது உடையும் உடையாது என்பதை முடிவு செய்வது அந்த இரண்டு சென்டிமீட்டர்.

உமியும் பஞ்சும்

வீட்டில் உமிக்குள்ளும் அரிசிப் பானைக்குள்ளும் முட்டையைப் புதைத்து வைக்கிற பழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பானை அசையாது. பஸ் அப்படியா? ஒவ்வொரு வேகத்தடையிலும் உமி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி இறுகும். மேலே இரண்டு விரல் காலியிடம் விழும். முட்டைகள் உமிக்குள் நகர்ந்து நகர்ந்து ஒன்றையொன்று தொடும் இடத்துக்கு வந்துவிடும். அப்புறம் என்ன, முட்டையை முட்டையே உடைக்கிறது. என் பெட்டியில் நடந்தது இதுதான். அக்கா அனுப்பிய படத்தில் உடைந்தவை பெரும்பாலும் இரண்டு இரண்டாக, ஒட்டிக்கொண்டு கிடந்தன. உமிதான் கையில் இருக்கிறது என்றால், துணிப்பைகளில் இறுக்கித் தைத்து, சின்ன மெத்தைபோல் ஆக்கி அடியிலும் பக்கத்திலும் வையுங்கள். தளர்வாகக் கொட்டாதீர்கள்.

நேர் எதிரான தவறும் உண்டு. ‘மெத்தென்று இருந்தால் போதும்’ என்று தலையணைப் பஞ்சையும் மிருதுவான ஸ்பாஞ்சையும் வைப்பது. ஒற்றை முட்டையைக் கையால் வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். 60 நாட்டுமுட்டையின் எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தில் ஸ்பாஞ்ச், பெட்டி வண்டி ஏறுவதற்கு முன்பே முழுதாக நசுங்கிவிடுகிறது. அடி விழும்போது நசுங்க மிச்சம் ஒன்றும் இல்லை. முட்டைகளை ஏற்றிய பிறகும், கையால் அழுத்தினால் இன்னும் பாதி கனம் உள்ளே போகிற மாதிரி இருக்க வேண்டும். அதுதான் சரியான மெத்தை.

நம் மாவட்டத்தில் இதற்காகத் தேடி அலைய வேண்டியதில்லை. காய்ந்த தென்னைநாரைக் கையால் பிரித்து, மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குச் சுருட்டி வைத்தாலே போதும். வாழைச் சருகும் நன்றாக வேலை செய்கிறது, நன்கு உலர்ந்திருந்தால். ரப்பர் பால் தெளித்து இறுக்கிய தென்னைநார்த் தகடு மெத்தைக் கடைகளில் வெட்டுத் துண்டாகக் கிடைக்கும். நசுங்கி மறுபடி எழும்பும் என்பதால் அதே துண்டைப் பத்துப் பதினைந்து முறை பயன்படுத்துகிறேன். நாரைப் பிரிக்கும்போது உதிரும் தூளான நார்ச்சோற்றை மட்டும் தொடாதீர்கள். அது தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அட்டைப்பெட்டிக்குள் ஈரத்தை நாமே கொண்டுபோய் வைத்த மாதிரி ஆகிவிடும்.

ட்ரேயை எப்படி அடுக்குகிறோம்

நாமக்கல்லிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் லாரியில் வந்து, ஆயிரக்கணக்கான முட்டைகள் நம் ஊர்க் கடைகளில் முழுசாக இறங்குகின்றன. மேலே தடித்த மெத்தை ஒன்றும் கிடையாது. 30 குழி உள்ள சாதாரணக் காகிதக்கூழ் ட்ரேதான். 1911 வாக்கில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோசப் கோய்ல் என்ற பத்திரிகை ஆசிரியர், முட்டை உடைந்து வருவதைப் பற்றி ஒரு விவசாயிக்கும் ஓட்டல்காரருக்கும் நடந்த சண்டையைக் கேட்டு, ஒவ்வொரு முட்டைக்கும் தனி அறை வைத்த காகிதப் பெட்டியை உண்டாக்கினார். இன்றைய ட்ரேயும் அதே யோசனைதான்.

ஒரு ட்ரேயைக் கையில் எடுத்துப் பாருங்கள். குழிகளுக்கு நடுவே கூம்புகள் நிற்கும். மேல் ட்ரேயின் பாரத்தைத் தாங்க வேண்டியவை அந்தக் கூம்புகள். முட்டை தாங்கக் கூடாது. ஒரு பக்கம் 5 குழி, மறுபக்கம் 6 குழி. காலி ட்ரேக்களை ஒரே திசையில் வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும், இடம் அடைக்காது. முட்டை வைத்த பிறகு மேல் ட்ரேயைக் கால்வட்டம் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் அது கூம்புகளின் மேல் உட்காரும். திருப்பாமல் அதே திசையில் வைத்தால் மேல் ட்ரே கீழே இறங்கி முட்டையின் தலையில் ஏறிக்கொள்ளும். புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் அதிகம் பார்த்த தவறு இது. அவசரத்தில் அடுக்கும்போது யாருக்கும் நேரும். கடைசி அடுக்குக்கு மேலேயும் ஒரு காலி ட்ரேயைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள், மூடி போல.

முட்டையின் கூர்முனை கீழே, பருத்த முனை மேலே. பருத்த முனையில்தான் காற்றறை இருக்கிறது. தலைகீழாக வைத்தால் கீழே போன காற்றறை மேலெழப் பார்த்து, குலுக்கலில் இடம்விட்டு நகரக்கூடும். அடைமுட்டை அனுப்புகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வாங்கியவர் உடனே அடை வைக்காமல், கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அளவு. ட்ரே குழிகள் பண்ணை முட்டைக்கு ஏற்றவை. நாட்டுமுட்டை சின்னது, குழிக்குள் கடகடவென்று ஆடும். பாதித் தினத்தாளை நீளமாக மடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால் பிடித்துக்கொள்ளும். வாத்து முட்டையோ கூம்பைத் தாண்டித் தலை நீட்டும். அதை ட்ரேயில் அடுக்கவே கூடாது.

பெட்டியும் ஈரமும்

முட்டை அடுக்கிய இரண்டு ட்ரேயையும் மேலே மூடிய காலி ட்ரேயையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி, அதை ஒரு பெரிய பெட்டிக்குள் ஆறு பக்கமும் நார் சூழ வைப்பதுதான் இப்போது என் முறை. ட்ரே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் சதுரம். ஆகவே பெட்டியின் உள்ளளவு குறைந்தது 36 வேண்டும். மூடியபின் பெட்டியைக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் திறந்து நார் சேருங்கள். மேலே காலியிடம் விடுவது பலரும் செய்வது. வண்டி குலுங்கும்போது முட்டை எம்பி, திரும்ப விழுகிறது. இதே சின்ன விழுதல் சென்னை போய்ச் சேருவதற்குள் எத்தனை ஆயிரம் தடவை நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலை நசுங்கிய பழைய பெட்டி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பாரம் தாங்காது. நிறையப் பெட்டி அனுப்புகிறவர்கள் சரியாமல் இருக்கட்டும் என்று செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அப்போது மேல்பெட்டியின் மூலை, கீழ்ப்பெட்டியின் நடுச்சுவரில் ஏறும். அந்த இடம் பலமில்லாதது. மூலைக்கு நேராக மூலை வையுங்கள், சரியாமல் இருக்கக் கயிறு கட்டுங்கள். நீங்களே அட்டை வெட்டிப் பெட்டி செய்தால், உள்ளே இருக்கும் நெளிவு வரிகள் நின்ற வாக்கில் வரவேண்டும். படுக்கை வாக்கில் வந்தால் மேல்பாரத்துக்கு மடங்கிவிடும்.

ஈரத்தைப் பற்றி இந்த மாவட்டத்தில் எவ்வளவு சொன்னாலும் தகும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. காற்றில் ஈரம் ஏறினால், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலேயே அட்டையின் தாங்கும் பலம் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் பெட்டிகளையும் ட்ரேக்களையும் தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள். அதே சமயம், நனையாமல் இருக்கட்டும் என்று முட்டைக் கட்டைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டுவதும் தவறு. உள்ளே வியர்த்து அட்டை ஊறும். பெட்டியின் வெளிப்புறம் மட்டும் தார்ப்பாய்த் துண்டால் போர்த்தினால் போதும். பிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை உடனே பொதியக் கூடாது. நம் காற்றில் அது நிமிடத்தில் வியர்த்துவிடும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகும். அழுக்கு இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். கழுவினால் இயற்கையாக இருக்கும் மேல்பூச்சு போய்விடும்.

கீறல் விழுந்த ஒரு முட்டையை உள்ளே விடுவது எல்லாவற்றையும் கெடுக்கும். அது கசிந்து குழியை ஊறவைக்கும், ஊறிய குழி சரியும், பக்கத்து முட்டை சாயும். கட்டுவதற்கு முன் இருட்டறையில் போன் டார்ச்சின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் வெள்ளைக் கோடாகத் தெரியும். இரண்டு முட்டையை மெல்லத் தட்டினாலும் தெரியும்: நல்லது டிக் என்று கேட்கும், கீறியது மந்தமாகக் கேட்கும்.

கோடையில் கீறல் அதிகம் வந்தால் பெட்டியைக் குறை சொல்லும் முன் கோழியைப் பாருங்கள். வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கோழி இரத்தத்திலிருந்து கரியமில வாயுவை அதிகம் இழக்கிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைந்து ஓடு மெலிகிறது. ஒவ்வொரு முட்டைக்கும் கோழி சுமார் 2 கிராம் கால்சியம் செலவழிக்கிறது. குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சலை உப்புப் போகக் கழுவி, காயவைத்து, ஒன்றிரண்டாக இடித்துத் தனிக்கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும்.

பைக்கில் கொண்டுபோவது

பின்பக்கக் கேரியரில் கட்டுவதுதான் வழக்கம். ஆனால் வண்டியில் அதிகம் தூக்கிப் போடுகிற இடமும் அதுதான், பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே கால் வைக்கும் இடம் உள்ள ஸ்கூட்டர், மொபெட் என்றால் முட்டையை அங்கே வையுங்கள். ட்ரே அடுக்கின் அடியிலும் மேலும் ஒவ்வொரு பலகை வைத்து, பழைய சைக்கிள் டியூபால் கட்டுங்கள். மெல்லிய கயிறு ஓரத்து முட்டையை அறுத்துவிடும்.

விழவிட்டுப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்

‘முட்டை, கவனம்’ என்ற எழுத்தை நம்பிப் பெட்டி செய்யக் கூடாது. இரவு பதினொரு மணிக்கு நூறு பார்சல் ஏற்றுகிறவருக்கு அதைப் படிக்க நேரம் இல்லை. பெட்டி ஒரு முறையாவது விழும், மூலையில் விழும் என்று எடுத்துக்கொண்டே செய்யுங்கள். பார்சல் பெட்டிகளுக்கான சர்வதேசச் சோதனை முறை ஒன்றில், இலேசான பெட்டியைச் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை விழவிடுகிறார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம். வீட்டிலும் செய்யலாம். உள்ளே சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்து வைத்தால், உடைந்ததை அன்றைக்கே ஆம்லெட் போட்டுவிடலாம்.

உடைந்த இடம் காரணத்தைச் சொல்லும். கீழ் ட்ரேயின் நடுவில் மட்டும் உடைந்தால் மேல்பாரம் முட்டையின் மேல் ஏறியிருக்கிறது. மேல் ட்ரேயில் உடைந்தால் மேலே காலியிடம். அங்கொன்று இங்கொன்றாக உடைந்தால் குழிக்குள் ஆட்டம். மூலையில் உடைந்தால் விழுந்த அடி. அதனால் பெட்டி வாங்குகிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: முட்டையை எடுப்பதற்கு முன், திறந்தபடியே ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும். அக்கா இப்போது தவறாமல் அனுப்புகிறாள். இரண்டாவது பெட்டியில் இரண்டு முட்டை உடைந்திருந்தது, இரண்டும் ஒரே மூலையில். மூன்றாவது பெட்டிக்கு மூலைகளில் மட்டும் நாரை இரட்டைக் கனமாக வைத்துக் கட்டினேன்.