உடையார்குடிக் கல்வெட்டில் நந்தினி இல்லை

கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலைப் படித்து முடித்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கேட்பதில் தவறில்லை. பதிலையும் அந்த நாவலுக்குள்ளேயே தேடுவதுதான் தவறு.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கொலை எப்படி நடந்தது என்று அது சொல்லும் என எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவோம். அது சொத்து விவகாரம். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகிய சகோதரர்களைச் சொல்லி, அவர்களுடைய சொத்தும் உறவினர்களுடைய சொத்தும் பறிமுதலானதைப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. நாவலில் வரும் நந்தினியும் கிடையாது, அவள் முழுக்கக் கல்கியின் கற்பனை. ஆனால் ரவிதாசனின் பெயரோடு 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்ற பட்டம் இருக்கிறது. நாவலில் மந்திரவாதியாக நாம் பார்த்து மிரண்ட ஆள், கல்லில் அரசு பட்டம் பெற்ற பெரிய மனிதர்! எனக்கு இது நாவலின் எந்தத் திருப்பத்துக்கும் குறையாத அதிர்ச்சியாக இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தபோது கல்கியின் மேல் மதிப்பு கூடத்தான் செய்தது.

அடுத்த தவறு, சோழர் வரலாற்றுப் புத்தகம் படிக்கும்போது பின்பக்கக் குறிப்புகளைத் தொடாமல் மூடிவிடுவது. அனிருத் கணிசெட்டி 2025இல் ஆங்கிலத்தில் எழுதி வெளிவந்த சோழர் வரலாற்றைக் கதை போலவே படித்துக்கொண்டு போகலாம். ஆனால் எந்த வரி கல்வெட்டிலிருந்து வந்தது, எது ஆசிரியரின் ஊகம் என்பது குறிப்புகளைப் புரட்டினால்தான் பிடிபடும். இரண்டு புத்தகக்குறிகள் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று பின்பக்கத்துக்கு. அப்புறம், ராஜராஜன், ராஜேந்திரன் அத்தியாயங்களுக்கு நேராகத் தாவாதீர்கள். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கல் கோயில்களாக, மாற்றிய சோழ அரசி செம்பியன் மாதேவியைத் தாண்டிப் போனால், பெரிய கோயில் திடீரென்று வானத்திலிருந்து குதித்தது போலத்தான் தோன்றும்.

கடையில் புத்தகம் வாங்கும்போது நான் முதலில் தஞ்சாவூர்ப் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பேன். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதியிருந்தால், அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுவேன். ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். விமானத்தின் நிழல் தரையில் நீளமாக விழுந்து கிடக்கும்.