கட்டுரை தொடங்கும் முன் பெயரை நான்கு விதமாகத் தேடுங்கள்

குமரி மாவட்டப் பெண்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதுகிறீர்களா? ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'தகவலே இல்லை' என்று விட்டுவிடாதீர்கள். அப்பா பெயரின் முதலெழுத்து, கணவர் பெயர், பெயரைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வடிவம், அப்புறம் மலையாள எழுத்து என எல்லாவற்றிலும் தேடுங்கள்.

திருமணத்துக்குப் பிறகு பெண்களின் முதலெழுத்து மாறிவிடுவதால், ஒருவரே இரண்டு பேராகப் பதிவாகியிருப்பார். குளச்சலில் வென்று 1957-இல் காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்றவரை லூர்தம்மாள் சைமன், லூர்து அம்மாள் சைமன் என்று சேர்த்தும் பிரித்தும் இரண்டு விதமாகவும் எழுதலாம். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், பழைய செய்திகள் பல மலையாளத்தில்தான் கிடக்கின்றன. கிடைத்த வடிவங்களை அப்படியே, தேடுபவரை உரிய கட்டுரைக்குக் கொண்டுபோகும் வழிமாற்றுப் பக்கங்களாகப் போட்டுவிட்டால் அடுத்தவர் அதே கட்டுரையை மறுபடி தொடங்க மாட்டார். எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

மேரி, செல்லம்மாள் போன்ற பொதுப்பெயர்களுக்கு வழிமாற்று வேண்டாம்; அங்கே ஒரே பெயருள்ள கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கமே சரி. ஊரும் ஆண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பெயர்களையும் ஒருவர் என்று இணைத்துவிடாதீர்கள்.