திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பா? குழந்தையின் வயிற்றையும் கவனியுங்கள்

குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம், சரியாகிவிடுகிறது. கொஞ்ச நாளில் மறுபடியும் காய்ச்சல், எரிச்சல். "உடம்பு சூடு, இளநீர் கொடு" என்பார் பாட்டி. கொடுக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் இரண்டாவது முறை தொற்று வந்ததுமே, பிள்ளைக்கு மலம் ஒழுங்காகப் போகிறதா என்று விசாரிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதுதான் பெரிய தவறு.

சிறுநீர்ப்பைக்குப் பின்னால் மலக்குடல் இருக்கிறது. அங்கே மலம் தங்கி இறுகினால், குடல் உப்பிப் பையை அழுத்தும். பை முழுதாகக் காலியாகாது. மிச்சமிருக்கும் சிறுநீரில் கிருமி பெருகும். பெரும்பாலும் அது ஈ.கோலை, நம் குடலில் குடியிருப்பதுதான். போதாததற்கு, மலத்தை அடக்கப் பிள்ளை இறுக்கும் அதே இடுப்புத் தசைகள் சிறுநீரையும் தடுத்து நிறுத்தும்.

1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட மலச்சிக்கல் இருந்த 234 குழந்தைகளில் 11 சதவீதம் பேருக்குச் சிறுநீர்த் தொற்றும் இருந்தது. மலச்சிக்கலுக்கு வைத்தியம் பார்த்ததும், சிறுநீர்ப் பாதையின் அமைப்பில் கோளாறு இல்லாத எல்லோருக்கும் தொற்றுத் தொல்லை நின்றது.

"அவன்தான் தினமும் போகிறானே?" என்று பெற்றோர் கேட்பார்கள். தினமும் போனாலும், ஆட்டுப் புழுக்கை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அதுவும் மலச்சிக்கல்தான். ஜட்டியில் அடிக்கடி கறை படுவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுப்பவர்களும் உண்டு. உள்ளே அடைத்திருக்கும் கெட்டி மலத்தைச் சுற்றித்தான் அந்த இளகல் கசிகிறது. பிள்ளைக்குத் தெரியாமலே நடப்பது; திட்டினால் இன்னும் அடக்கும்.

ஆசனவாயில் சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு வைப்பது வேண்டாம். ஒருமுறை வலித்தால் அந்தப் பயத்திலேயே அடக்கப் பழகிவிடும். மருத்துவர் எழுதித்தரும் லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற, மலத்தை இளக்கும் மருந்தை "பழகிப்போய்விடும்" என்று ஒரே வாரத்தில் நிறுத்துவதும் தவறு. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர நாளாகும். பொதுவாக 2 மாதமாவது கொடுத்து, அப்புறம் மெல்லக் குறைப்பார்கள்.

பாலிலேயே வயிற்றை நிரப்பினால் காய்கறிக்கு இடமிருக்காது. சாப்பிட்டு முடித்ததும் 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையில் கால் தொங்கினால் முக்க முடியாது, ஒரு சின்ன முக்காலி போடுங்கள். பள்ளிக் கழிப்பறை நாறுகிறது என்று பகல் முழுக்க அடக்கும் பிள்ளைகள் ஏராளம். 2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல யோசனை, கழிப்பறையும் சுத்தமாக இருந்தால்தான் குழந்தை அந்தத் தண்ணீரைக் குடிக்கும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டுச் சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தால் கிருமி தெரியாமல் போகலாம். மாதிரியை முதலில் கொடுங்கள். கைக்குழந்தைக்குச் சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் அடித்தாலும் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். காய்ச்சலோடு வாந்தி, விலாவில் வலி, குளிர் நடுக்கம் இருந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அப்போது மலச்சிக்கலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.