மேகசினை உருவினால் துப்பாக்கி காலியா?

பட்டாளத்தில் கடைசி மூன்று வருஷம் பாளையங்கோட்டையில் என்.சி.சி. பையன்களுக்கு ஆயுத வகுப்பு எடுத்தேன். பாதிப்பேர் கடையம், பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகள். காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த தாத்தாவின் 12 போர் வேட்டைத் துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதே பழக்கத்தோடு ராணுவ ரைபிளைத் தொடுவதில்தான் வினையே. நானும் அப்படிப் போனவன்தான். பையன்கள் நம்பி வந்த தப்புகள்தான் கீழே தலைப்புகள், அடியில் என் பதில்.

நீளமாக இருப்பதெல்லாம் ரைபிள்

12 போரின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். ரவை சிதறிப் போகும். ரைபிள் குழலுக்குள் திருகாணி போலப் புரி ஓடும். குண்டு அதில் சுழன்று நேராகப் போகும்.

7.62 என்றால் எல்லாம் ஒன்று

இல்லை. 7.62 என்பது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். எஸ்.எல்.ஆர். என்ற ராணுவ ரைபிளுக்குத் தோட்டாக் கூட்டின் நீளம் 51 மில்லிமீட்டர், ஏ.கே. 47-க்கு 39. ஒன்றில் மற்றது ஏறாது.

மேகசினை உருவியாச்சு, காலிதான்

தோட்டாப் பெட்டியான மேகசினை உருவியதும் காலி என்பதைக் கேட்டாலே எனக்கு இன்னும் எரியும். "அண்ணாச்சி, மேகசினக் கழட்டிட்டேன், காலிதான்" என்று குழலை என் பக்கமே திருப்புவான் ஒருத்தன்.

இரட்டைக் குழல் 12 போரை மடக்கினால் இரண்டு ஓட்டையிலும் வெளிச்சம் தெரியும், சந்தேகமே இல்லை. எஸ்.எல்.ஆர். அப்படியல்ல. ஒரு முறை சுட்டதும், வெடித்த புகையின் அழுத்தமே போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புக் கட்டையை, பின்னால் தள்ளும். திரும்பி வரும்போது அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், தள்ளிவிடும். மேகசினை எடுத்தாலும் அந்த ஒன்று உள்ளேயே இருக்கும்.

முதல் வருஷம், ராத்திரிக் காவல் முடிந்து நான் காலி செய்த வரிசை இது: முதலில் காக் செய்தேன், அதாவது போல்ட்டைப் பின்னால் இழுத்து விட்டேன், ஒரு தோட்டா வெளியே விழுந்தது. அப்புறம் மேகசினை உருவினேன். தூக்கக் கலக்கம். காக் செய்தபோதே மேகசினிலிருந்து இன்னொன்று ஏறிவிட்டதை யோசிக்கவில்லை. விசையை அழுத்தினேன். நல்லவேளை, எதிரே மணல் மூட்டை. 14 நாள் குவார்ட்டர் கார்டில், அதாவது முகாமின் காவலறையில், உட்கார்ந்தேன். வரவேண்டிய புரமோஷனும் போச்சு.

மேகசின் முதலில், காக் பிறகு, அதுவும் இரண்டு மூன்று தரம். சேம்பரைக் கண்ணால் பார். இருட்டென்றால் போல்ட்டைப் பின்னால் பூட்டிவிட்டுச் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்.

சேஃப்டி போட்டிருக்கே

போட்டுக்கொள். நம்பாதே.

வாஞ்சி சுட்டது ரிவால்வர்

1911-இல் மணியாச்சியில் சுட்டது பிரௌனிங் பிஸ்டல். ரிவால்வரில் தோட்டா சுழலும் உருளையில் இருக்கும். பிஸ்டலில் பிடிக்குள் மேகசின். அதை உருவினாலும் சேம்பரில் ஒன்று கிடக்கும், லே.