குடைக்குள் விளக்குச் சரம்: மடக்கினாலும் அறாதபடி

வெளியே மேசைக்கு மேல் விரிக்கிற பெரிய குடையில் விளக்கு கட்டுவது பெரிய வேலை இல்லை. குடையை மடக்கும்போது ஒயர் இழுபட்டு அறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

சோலாரில் எரியும் எல்இடி சரமாகவே வாங்கினேன்; சூடு மிகக் குறைவு, துணிக்குப் பக்கத்தில் இருந்தாலும் கவலையில்லை. பெட்டியில் ஐபி65 என்று இருந்தால் நல்லது; தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் குறியீடு இது. ஐபி44 தெறிக்கிற தண்ணீரை மட்டுமே தாங்கும்.

குடையை முழுக்க விரித்து, நடுவிலிருந்து ஒரு கம்பியின் நுனி வரை சரத்தைக் கொண்டுபோய், அதே கம்பி வழியாகவே திருப்பினேன். அப்புறம் அடுத்த கம்பி. நுனிக்கு நுனி வட்டமாகச் சுற்றினால் பார்க்க அழகுதான், ஆனால் மடக்கியதும் தோரணம் மாதிரித் தொங்கும். தாங்குகம்பி சேரும் மூட்டில் ஒரு விரல் நுழையும் அளவு ஒயரைத் தளர்வாக விட்டு, மூட்டுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டை போட்டேன். டையின் வெட்டிய முனை துணியைக் கீறும், அதனால் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

சோலார் பலகை குடைக்கு அடியில் இருந்தால் நிழல்தான் கிடைக்கும். உச்சிக் குமிழில் கட்டினேன். டைகளை இறுக்கும் முன் ஒருமுறை மெதுவாக மடக்கிப் பாருங்கள், எந்த இடத்தில் ஒயர் விறைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.